ரெண்டு மருந்து சேர்ந்தா பலன் இரட்டிப்பா? சிறுநீர்ப்பை புற்றுநோய் ஆய்வுகள் சொல்லும் பதில்

2023 அக்டோபர், மாட்ரிட். ஐரோப்பிய புற்றுநோய் மருத்துவ மாநாட்டில் ஓர் ஆய்வு முடிவு வெளியானதும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அப்படி என்ன ஆச்சு?

எந்தப் புற்றுநோய்?

சிறுநீர்ப்பை, சிறுநீர்க்குழாய் போன்றவற்றின் உட்சுவரில் வருவது யூரோதீலியல் புற்றுநோய். அது உடலில் பரவிய பிறகு, பல பத்தாண்டுகளாக முதல் சிகிச்சை கீமோதெரபியாகத்தான் இருந்தது.

இம்யூனோதெரபி என்ன செய்யும்?

நம் நோய் எதிர்ப்பு செல்களுக்குப் புற்றுநோய் 'பிரேக்' போட்டுவிடும். அந்தப் பிரேக்கை எடுத்துவிடுவதுதான் இந்த மருந்துகளின் வேலை.

அப்போ ரெண்டு பிரேக்கையும் எடுத்துட்டா?

அதைத்தான் 'டான்யூப்' ஆய்வு சோதித்தது. டர்வாலுமாப், ட்ரெமெலிமுமாப் என இரண்டு இம்யூனோதெரபி மருந்துகள் சேர்த்துத் தரப்பட்டன. 1,032 பேர் பங்கேற்றனர். 2020-ல் வந்த முடிவு ஏமாற்றம்தான். கீமோவைவிட இந்தக் கூட்டணி அதிக நாள் வாழவைக்கிறது என்று நிரூபிக்க முடியவில்லை.

மாட்ரிட்டில் ஜெயித்தது எது?

'இவி-302' ஆய்வில் கூட்டாளி மாறியது. பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபியுடன் என்ஃபோர்ட்டுமாப் வெடோட்டின் சேர்க்கப்பட்டது. இது கூரியர் மாதிரி. புற்றுநோய் செல்லின் மேலிருக்கும் நெக்டின்-4 என்ற புரதத்தை அடையாளம் கண்டு, நஞ்சை உள்ளே கொண்டுபோய் இறக்கும். செல் அப்படி உடையும்போது எதிர்ப்பு சக்தியும் உசுப்பப்படுகிறது என்று கருதப்படுகிறது.

886 நோயாளிகளில் ஒரு பாதிக்கு இந்தக் கூட்டணி, மறுபாதிக்கு கீமோ. கீமோ பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 16.1 மாதங்கள். கூட்டணி பெற்றவர்களுக்கு 31.5 மாதங்கள். அதாவது, பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்ந்தார்கள் எனக் கணக்கிடப்பட்டது. அதே டிசம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் முழு ஒப்புதல் தந்தது.

பக்கவிளைவு இல்லையா?

இருக்கு. தோல் தடிப்பு, கை கால் மரத்துப்போதல், ரத்தச் சர்க்கரை உயர்வு ஆகியவற்றைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். தீவிர பக்கவிளைவுகள் கூட்டணியில் 55.9%, கீமோவில் 69.5%.

நமக்கு என்ன பாடம்?

'இம்யூனோதெரபி காம்பினேஷன்' என்ற பெயர் மட்டும் போதாது. வீட்டில் யாருக்காவது இதைப் பரிந்துரைத்தால் டாக்டரிடம் ரெண்டு கேள்வி கேளுங்க: எந்த மருந்தோடு எது சேருது? எதோடு ஒப்பிட்டு சோதிச்சாங்க?

இன்னொன்று. வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தாலும், அது தானாக நின்றுபோனாலும், பரிசோதனையைத் தள்ளிப்போடாதீங்க.