சென்னை – போர்ட் பிளேர்: 1,190 கிலோமீட்டரா, 1,370 கிலோமீட்டரா?

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) எவ்வளவு தூரம்னு தேடினா, 1,190 கி.மீ. என்ற எண் திரும்பத் திரும்ப வருது. விமான தூரம் காட்டும் தளங்களோ 1,370க்குப் பக்கமாகச் சொல்கின்றன. இந்த 180 கி.மீ. சின்ன வித்தியாசம் இல்லை. இங்கிருந்து பாண்டிச்சேரிக்கே அவ்வளவு தூரம் கிடையாது.

எது சரின்னு நாமே போட்டுப் பார்க்கலாம். மீனம்பாக்கம் 80.2 டிகிரி கிழக்கு, போர்ட் பிளேர் 92.7. இடையில் 12.5 டிகிரி. நம் அட்சரேகையில் ஒரு டிகிரி தீர்க்கரேகை என்பது சுமார் 108.5 கி.மீ. பெருக்கினால் 1,356. போர்ட் பிளேர் சுமார் 150 கி.மீ. தெற்கேயும் இருக்கு. பள்ளிக்கூடத்துப் பிதாகரஸைக் கூப்பிட்டால் 1,364 வருது. ஆக, 1,370தான் கிட்டத்தட்டச் சரி.

அப்போ 1,190? "அது கப்பல் தூரமா இருக்கும்" என்பார்கள். கப்பல் நேர்க்கோட்டை விடக் குறைவா எப்படிப் போகும்? துறைமுகம் தீவின் கிழக்குக் கரையில் வேற இருக்கு. நம் கரையிலிருந்து போகிற கப்பல் தீவைச் சுற்றிக்கிட்டுதான் உள்ளே நுழையணும்.

விடை ராயபுரத்தை ஒட்டிய துறைமுகத்தின் பாஷையில் இருக்கு என்பது என் ஊகம். கடலில் தூரம் அளப்பது கடல் மைலில்: 1.852 கி.மீ. தரை மைல் 1.609 கி.மீ.தான். 740 கடல் மைலைச் சரியாக மாற்றினால் 1,370 கி.மீ. அதே 740ஐத் தரை மைல்னு நினைச்சு மாற்றினால் 1,190! கல்கத்தாவுக்குச் சொல்லப்படும் 1,255 கி.மீ.யும் இப்படித்தான் பொருந்துது: 780 மைல், தரைக் கணக்கில். ஆனா நேர்க்கோட்டிலேயே அது 1,300 கி.மீ. ஆகுது.

நேரத்தை வைத்தும் சோதிக்கலாம். அட்டவணையில் விமானத்துக்கு ரெண்டேகால் மணி நேரம் போல இருக்கும். இரண்டு ஊரும் ஒரே இந்திய நேரத்தில் ஓடுவதால் கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை. ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கும். 1,370ஐக் கடக்க ஒண்ணே முக்கால் மணிக்குள் ஆகும். ஓடுபாதைக்கு நகர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் மீதி அரை மணி.

திருவொற்றியூர்க்காரருக்கு இன்னும் கூடும். விம்கோ நகரிலிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோவில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், அங்கே போய்க் காத்திருப்பு ரெண்டு மணி. மொத்தம் அஞ்சு மணிக்கு மேல், பறப்பது அதில் பாதி கூட இல்லை.

கப்பலுக்குச் சுமார் 60 மணி நேரம். அப்படின்னா மணிக்கு 23 கி.மீ., நல்லா மிதிக்கிற ஒருவரின் சைக்கிள் வேகம். 1,190ஐ நம்பிக் கணக்குப் போட்டால் கப்பல் மணிக்கு 20 கி.மீ. கூடப் போகாது, பாவம்.