கிராஃப் பொய் சொல்லும் பாஸ்!

நைட் ரெண்டு மணி. லேப்ல மூணு பேரும் ஒரே கிராஃபை முறைச்சுப் பார்த்துட்டு இருந்தோம். காலையில ப்ராஜெக்ட் ரிவ்யூ!

விஷயம் சிம்பிள். வீசுற காத்துக்குக் குறுக்கே உருண்டையா ஒரு கம்பி. அதைக் காத்து எவ்வளவு தள்ளும்? அதைச் சொல்ற 'டிராக்' எண்ணைக் கண்டுபிடிக்கணும். கம்ப்யூட்டர் ஒரே அடியில விடை சொல்லாது. கம்பியைச் சுத்தியிருக்கிற இடத்தைக் குட்டிக் குட்டிக் கட்டங்களா வெட்டி, ஒரு விடையை யூகிச்சு, திரும்பத் திரும்பத் திருத்தும். கட்டங்களுக்குப் பேர் 'மெஷ்'. சமன்பாட்டுல மிச்சமிருக்கிற பிழைதான் 'ரெஸிடுவல்'. அது ஆயிரத்துல ஒரு பங்கா குறைஞ்சாலே சில சாஃப்ட்வேர்கள் 'கன்வெர்ஜ் ஆயிடுச்சு'னு கடையைச் சாத்திடும்.

எங்களோடது குறையவே இல்லை. பாம்பு மாதிரி நெளிஞ்சுட்டே இருந்துச்சு. "மச்சி, மேல் பாதியை மட்டும் போடுவோம். கீழயும் அதே கதைதானே!"னு ரூம்மேட் ஐடியா கொடுத்தான். போட்டோம். கிராஃப் சறுக்குமரத்துல இறங்குற மாதிரி இறங்குச்சு. டிராக் 1.06. சந்தோஷமா டீ குடிக்கக் கிளம்பிட்டோம்.

ரிவ்யூவில் கைடு கேட்டது ஒரே கேள்வி. "ரெனால்ட்ஸ் எண் என்னப்பா?"

"நூறு சார்."

"47 பக்கம் தாண்டினாலே கம்பிக்குப் பின்னாடி மேல ஒண்ணு, கீழ ஒண்ணுனு சுழல் மாறி மாறிக் கழண்டு போகுமே. பாதியை வெட்டிட்டா அது எப்படிப்பா வரும்?"

மூணு பேரும் கப்சிப். அந்தச் சுழல் வரிசைக்கு 1911-லேயே கணக்குப் போட்டவர் தியோடர் வான் கார்மன். முழுக் கம்பியையும் நேரத்தோட சேர்த்து ஓடவிட்டா சராசரி டிராக் 1.33 பக்கம் வரும். நாங்க சொன்னது 20 சதவிகிதம் கம்மி! உண்மையைச் சொன்ன கிராஃபோட வாயை நாங்களே அடைச்சிருக்கோம்.

அதுக்காக நெளியற கிராஃப் எல்லாம் அரிச்சந்திரன் இல்லை. மோசமான மெஷ்ஷும் நெளியும். அப்போ எப்பதான் நம்பறது? சார் கொடுத்த டிப்ஸ்:

* ரெஸிடுவலை மட்டும் பார்க்காதே. உனக்கு வேண்டிய எண் அசையாம நிக்குதானு பார்.

* உள்ளே போன காத்தும் வெளியே வந்த காத்தும் டேலி ஆகணும்.

* மெஷ்ஷை இன்னும் பொடியா வெட்டி மறுபடி ஓட்டு. விடை கணிசமா நகர்ந்தா, முதல்ல வந்தது கட்டங்களோட விடை. காத்தோட விடை இல்லை.

* சுழல் இருந்தா நேரத்தோட சேர்த்து ஓட்டு. ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்று மாதிரியே வந்த பிறகு சராசரி எடு. நேர இடைவெளியைப் பாதியாக்கியும் பார்.

அடுத்த ரிவ்யூவுக்கு 1.34-ஓட போனோம். சார் மார்க் பத்தி வாயே திறக்கலை. கிராஃபைப் பார்த்து லேசா சிரிச்சார்.

அந்தச் சிரிப்பு கன்வெர்ஜ் ஆன மாதிரிதான் தெரிஞ்சது!