மருந்துச் சரக்கும் பேட்ச் எண்ணும்

தலைவலித் தைலம், காய்ச்சல் மாத்திரை, கிரைப் வாட்டர் ஆகியவற்றை மளிகையோடு சேர்த்து விற்பது நம்மிடையே நெடுநாள் வழக்கம். பருப்பில் கல் இருந்தால் வாடிக்கையாளர் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து விடுவார். மருந்தில் உள்ள குறையையோ அவரும் அறியார், நாமும் அறியோம். அதைக் கண்டறியும் ஏற்பாட்டுக்கே மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு என்று பெயர்.

இந்த ஏற்பாடு பலமில்லாத நாடுகளில் என்ன நேரும் என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியா சாட்சி. அங்கே 2022ஆம் ஆண்டு சுமார் 70 குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். இந்தியாவிலிருந்து சென்ற இருமல், சளி சிரப்புகளில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் இருந்ததாக அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. மருந்தைச் சோதிக்க அந்நாட்டில் அப்போது ஆய்வுக்கூடம் இல்லை. மாதிரிகள் வெளிநாடு போய் முடிவு வருவதற்குள் பாட்டில்கள் வீடுகளுக்குப் போய்விட்டன.

2025இல் இதே துயரம் நம் நாட்டிலும் நேர்ந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். அவர்களுக்குக் கொடுத்த சிரப் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் 48.6 சதவீத நச்சு தெரியவந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்போ 0.1 சதவீதம்தான்!

காரணம் என்ன? சிரப்பில் சேர்க்கும் கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் போன்றவற்றின் இடத்தில் மலிவான தொழிற்சாலைச் சரக்கு புகுந்துவிடுகிறது. மூலப்பொருளைச் சோதிக்காமல் பயன்படுத்தினால் ஆபத்துதான்.

நம் நாட்டில் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010இல் தொடங்கப்பட்டது. ஓர் ஊரில் ஒரு குழந்தைக்கு நேர்வது தனிச் சம்பவமாகத் தோன்றும். பல ஊர்ப் புகார்கள் ஓரிடத்தில் சேரும்போதுதான் ஒரே மருந்து, ஒரே பேட்ச் என்பது புலப்படும். பிறகு அந்தப் பேட்ச்சைத் தேடிப் பிடித்துத் திரும்பப் பெற வேண்டும். அந்தத் தேடல் கடைசியில் வந்து நிற்பது நம் கடை வாசலில்தான்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. உரிமம் இல்லாமல் எந்த மருந்தை, எங்கே விற்கலாம் என்பதை மருந்து ஆய்வாளரிடம் கேட்டுத் தெளிவு பெறுவோம். குழந்தைகளுக்கான சிரப்பைத் தவிர்ப்பதே உத்தமம்.

2. உரிமம் பெற்ற மொத்த வியாபாரியிடம் மட்டுமே கொள்முதல் செய்வோம். பேட்ச் எண் குறித்த பில்லைப் பத்திரப்படுத்துவோம். பில் இல்லாத சரக்கு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

3. மாத்திரை அட்டையை வெட்டி விற்றால் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் ஒரு துண்டோடு போய்விடும். இந்த வழக்கத்தை விடுவோம்.

4. மருந்து சாப்பிட்டு ஒத்துக்கொள்ளவில்லை என்று யாராவது சொன்னால், வேறு மருந்து எடுத்துக் கொடுக்காமல், பாட்டிலோடு மருத்துவரிடம் அனுப்புவோம். 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தெரிவிக்கலாம்.

5. தடை அறிவிப்பு வந்தால் அந்தச் சரக்கை உடனே தனியே எடுத்துவைத்து, மருந்து ஆய்வாளருக்குத் தகவல் தருவோம்.

ஒரு பாட்டிலில் கிடைக்கும் லாபம் சில ரூபாய். அதற்காக நம்மை நம்பி வரும் தாயின் நம்பிக்கையை இழக்கலாமா?