டாக்டர் சொன்னது புரிந்ததா?
அமெரிக்காவில் 2003-இல் நடந்த தேசிய எழுத்தறிவு மதிப்பீட்டில், உடல்நலத் தகவலைத் தேர்ச்சியோடு கையாளக்கூடிய பெரியவர்கள் 12 சதவீதம்தான் என்று தெரிந்தது. பட்டம் பெற்றவர்களும் மருந்துச்சீட்டின் முன் தடுமாறுகிறார்கள். மருத்துவ நூலகர் தேவைப்படுவது இங்கேதான். நோயாளி உண்மையில் எதை அறிய விரும்புகிறார் என்று பொறுமையாகக் கேட்டு, அவருக்குப் புரியும் நடையில் உள்ள கையேட்டை, யார் எழுதியது, எப்போது திருத்தியது என்று பார்த்துத் தேடித் தருகிறார். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1998-இல் தொடங்கிய மெட்லைன்பிளஸ் என்ற இணையதளம் இதற்குப் பெரிய துணை.

டாக்டர் செய்ய வேண்டியதல்லவா இது என்று கேட்பது நியாயம்தான். ஆனால் நோயைக் கணிப்பதும் மாத்திரை அளவு சொல்வதும் நூலகர் வேலையல்ல. டாக்டர் சொன்னதை வீட்டில் நிதானமாகப் படிக்க வழி செய்வதே வேலை. கூகுள் போதாதா? அது ஆயிரம் பக்கங்களைக் கொட்டும். அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவில் அவற்றைச் சலிப்பது யார்?