1865-ல் முடிந்த போர்... 2020 வரை வந்த பென்ஷன்!

மாதம் 73 டாலர் 13 சென்ட். 2020 மே மாதம் வரை ஐரீன் டிரிப்லெட் என்ற மூதாட்டிக்கு அமெரிக்க அரசு கொடுத்துவந்த பென்ஷன் இது. எதற்காகத் தெரியுமா? 1865-ல் முடிந்த உள்நாட்டுப் போரில் அவருடைய அப்பா சண்டையிட்டதற்காக!

அப்பா மோஸ் டிரிப்லெட், வடக்கு கரோலினா மாகாண விவசாயி. முதலில் தென் மாகாணங்களின் படையில் இருந்தார். 1863-ல் அவருடைய படைப்பிரிவு கெட்டிஸ்பர்க் போருக்குக் கிளம்பியபோது, உடம்பு சரியில்லாமல் மருத்துவமனையில் இருந்தவர் அங்கிருந்தே தப்பி ஓடினார். போருக்குப் போன சகவீரர்களில் பெரும்பாலானோர் இறந்தார்கள், காயமடைந்தார்கள் அல்லது பிடிபட்டார்கள். மோஸ் பிறகு எதிரணியான வடக்குப் படையில் சேர்ந்தார். பென்ஷனுக்குத் தகுதி தந்தது அந்தச் சேவைதான்.

முதல் மனைவி இறந்தபின், தன்னைவிட சுமார் 50 வயது இளையவரான எலைடாவை மணந்தார். 1930-ல் ஐரீன் பிறந்தபோது மோஸுக்கு 83 வயது. ஊரில் அவருக்கு 'துரோகி' என்ற பெயர். பள்ளியில் அதைச் சொல்லியே மகளைக் கேலி செய்தார்கள். 1938-ல் மோஸ் இறந்தார்.

அறிவுத்திறன் குறைபாடு இருந்த ஐரீன், முதலில் அம்மாவுடன் ஏழைகள் விடுதியிலும், பிறகு முதியோர் இல்லத்திலும் வாழ்ந்தார். 90 வயதில் அவர் இறந்தபோது, அந்தப் போருக்கான கடைசி பென்ஷனும் நின்றது. கேலிக்குக் காரணமான அப்பாவின் அதே முடிவுதான், கடைசிவரை மகளுக்குச் சோறும் போட்டது!