தளபதி, ஆளுநர், குத்தகைக்காரர்

கான்சாகிபு என்கிற யூசுப்கானை இதுவரை இரண்டு விதமாகத்தான் வாசித்திருக்கிறோம்: துரோகி அல்லது தியாகி. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே பனவடலிசத்திரம் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர் பூலித்தேவரின் கோட்டைகளைத் தகர்த்தவர். மதுரைக்குப் போனால் கதை வேறு. அங்கே கான்சாமேட்டுத் தெரு இருக்கிறது, சம்மட்டிபுரத்தில் அடக்கத்தலம் இருக்கிறது. தேசிய வரலாறோ இன்னும் சாமர்த்தியமானது. பூலித்தேவரையும் யூசுப்கானையும் ஒரே மாலையில் கோத்து விடுதலை வீரர் வரிசையில் உட்கார வைத்துவிட்டது. ஒருவர் மற்றவரை அழித்தார் என்ற விஷயம் இந்தக் கதையாடலில் காணாமல் போகிறது.

தியாகம், துரோகம் எல்லாவற்றையும் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, அவர் வகித்த உத்தியோகங்களை மட்டும் பார்ப்போம்.

இராமநாதபுரம் சீமைப் பனையூரில் பிறந்தவர். மதம் மாறி, சிப்பாயாகிக் கம்பெனிப் படையில் சேர்ந்தார். 1752 தொடங்கி நடந்த திருச்சி முற்றுகையில் பிரெஞ்சுக்காரர்களுக்குப் போன தானிய வண்டிகளை மறித்தே பேர் வாங்கினார். கம்பெனிச் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியானார், தங்கப் பதக்கமும் கிடைத்தது. 1758-59இல் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது வெளியே நின்று பிரெஞ்சுப் படையின் முதுகில் அடித்தார். இதுவரை சிப்பாய்க் கதை.

1759இல் கதை திரும்புகிறது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க் குத்தகையில் அவர் கைக்கு வருகின்றன. ஆளுநர் என்று எழுதுகிறோம், குத்தகைக்காரர் என்பதுதான் சரியான வார்த்தை. பணம் கட்டியாக வேண்டும், கட்ட வேண்டுமானால் பாளையக்காரர்கள் பணிந்தாக வேண்டும். 1755இல் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவலுக்கு வந்து கிஸ்தி கிடைக்காமல் திரும்பிப்போயிருந்தார். 1761இல் யூசுப்கான் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றையும் பிடித்தார். (பிறந்த ஊருக்கும் பிடித்த ஊருக்கும் ஒரே பெயர். வரலாறு இப்படியும் கேலி செய்யும்.) அந்தப் பீரங்கிகளை இழுத்துவந்தது குத்தகைப் பணம்தான். அவர் கண்மாய்களைச் செப்பனிட்டார், மீனாட்சி கோவில் நிலங்களை மீட்டுக்கொடுத்தார் என்கிறார்கள். இருக்கட்டும், கண்மாய் நிறைந்தால்தானே கிஸ்தி நிறையும்?

அதே 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. பிரெஞ்சுக்காரன் இல்லாத தெற்கில் இவ்வளவு பெரிய தளபதி எதற்கு? நவாப் முகம்மது அலி கம்பெனிக்குப் பட்ட கடனை அடைக்க இந்தச் சீமைகளின் வருவாய் வேண்டும். யூசுப்கானைக் கணக்குக் கேட்டார்கள். 1763இல் அவர் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். அதே ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையில் பிரெஞ்சு அரசோ முகம்மது அலியைக் கர்நாடக நவாப் என்று ஒப்புக்கொண்டுவிட்டது. எந்தக் கொடியை நம்பினாரோ அந்தக் கொடிக்காரனே அவரைக் கைகழுவிவிட்டான்.

பண்டைய சீனத்தில் ஹான் வம்சத்துக்கு நாட்டைப் பிடித்துக் கொடுத்த தளபதி ஹான் ஷின்னும் இப்படித்தான். அரசர் பட்டம் கொடுத்தார்கள், பிறகு இறக்கினார்கள், கி.மு. 196இல் கொன்றார்கள். ஆனால் ஹான் ஷின்னுக்கு எஜமான் ஒருவர். யூசுப்கானுக்குக் கம்பெனியும் நவாபும் என்று இரண்டு. பதக்கம் கொடுக்கும்போது அவர் கம்பெனியின் ஆள், தூக்குப் போடும்போது நவாபின் வேலைக்காரர். முற்றுகையில் கோட்டை விழவில்லை. சொந்தப் படையிலிருந்த பிரெஞ்சுக்காரர் மார்ஷான் அவரைப் பிடித்துக்கொடுத்தார். 1764 அக்டோபர் 15இல் தூக்கிலிட்டார்கள். உடலைத் துண்டாக்கிப் பல ஊர்களுக்கு அனுப்பினார்கள் என்று சொல்லப்படுகிறது. துண்டு போன ஊர்களைத்தான் ஜனங்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள், குத்தகைத் தொகையை யாரும் சொல்வதில்லை.

நா. வானமாமலை பதிப்பித்த கான்சாகிபு சண்டை இந்த மனிதரைச் சண்டைக்காரராகவே காட்டுகிறது, பெயரே அதைச் சொல்கிறது. 5 லட்சத்தை உழுது கட்டியவர்களுக்கு அப்படியொரு கதைப்பாடல் கிடைக்கவில்லை. 1801இல் கம்பெனி கர்நாடகம் முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டது. யூசுப்கானைத் தூக்கிலிட்ட முகம்மது அலியின் பேரனுக்கு மிஞ்சியது நவாப் பட்டமும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும்.