சி.டி.சி ஒன்று சொல்கிறது, மாநிலம் வேறொன்று சொல்கிறது: தடுப்பூசி விஷயத்தில் அமெரிக்கப் பெற்றோர் யாரை நம்புவது?

கலிஃபோர்னியாவில் ஒரு மருத்துவமனை. குழந்தை பிறந்து சில மணி நேரம்தான் ஆகிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடலாமா என்று நர்ஸ் கேட்கிறார். அப்பா செல்போனில் தேடுகிறார். மத்திய அரசின் பக்கம், 'டாக்டரிடம் பேசி நீங்களே முடிவு பண்ணுங்கள்' என்கிறது. மாநில அரசின் பக்கமோ, '24 மணி நேரத்துக்குள் போட்டுவிடுங்கள்' என்கிறது. பிரசவத்துக்கு உதவ ஊரிலிருந்து வந்த பாட்டிக்கு ஒரே ஆச்சரியம்: "நம்ம ஊர்ல பிறந்த அன்னைக்கே போட்டுடுவாங்களே! இதுல யோசிக்க என்ன இருக்கு?"

இது ஒரு கற்பனைக் காட்சி. ஆனால் 2025 டிசம்பருக்குப் பிறகு அமெரிக்காவில் பல வீடுகளில் நடக்கக்கூடியதுதான். ஏன் இந்தக் குழப்பம்? எதை வைத்து முடிவெடுப்பது?

என்ன மாறியது?

அமெரிக்காவில் யாருக்கு எந்தத் தடுப்பூசி என்பதை, நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையமான சி.டி.சி அறிவிக்கும். அதற்கு ஆலோசனை சொல்வது ஏ.சி.ஐ.பி என்ற நிபுணர் குழு. 1964 முதல் இதுதான் நடைமுறை. டாக்டர்கள், பள்ளிகள், காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் பெரும்பாலும் இந்த ஒரே பட்டியலைத்தான் பின்பற்றி வந்தன.

2025 ஜூனில் சுகாதாரத் துறைச் செயலர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர், அந்தக் குழுவின் 17 உறுப்பினர்களையும் நீக்கிவிட்டு புதியவர்களை நியமித்தார். மக்களின் நம்பிக்கையை மீட்கவே இந்த மாற்றம் என்றார். ஆகஸ்டில் சி.டி.சி இயக்குநர் சூசன் மொனாரெஸும் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

டிசம்பர் 5-ல் புதிய குழு ஒரு முக்கிய முடிவை எடுத்தது. தாய்க்கு ஹெபடைடிஸ் பி இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தால், பிறந்தவுடன் போடும் ஊசி எல்லாக் குழந்தைகளுக்கும் என்று இனி பரிந்துரைக்க வேண்டாம், பெற்றோரும் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும் என்றது. வாக்குகள் 8-க்கு 3. சி.டி.சி அதை ஏற்றது. 2026 ஜனவரி 5-ல் இன்னொரு மாற்றம் வந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைக்கும் தடுப்பூசிகள் 17 நோய்களுக்கு என்று இருந்தது, 11 நோய்களுக்கு எனக் குறைந்தது.

மாநிலங்கள் தனி வழி போக முடியுமா?

முடியும். சி.டி.சி சொல்வது பரிந்துரை மட்டுமே. பள்ளியில் சேர எந்த ஊசி கட்டாயம் என்பதை மாநிலச் சட்டம்தான் தீர்மானிக்கிறது. மாநிலங்களுக்கு இந்த அதிகாரம் உண்டு என்று 1905-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு மாசசூசெட்ஸ் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது.

இதை வைத்துத்தான் 2025 செப்டம்பரில் கலிஃபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன், ஹவாய் ஆகிய நான்கும் கைகோத்து மேற்குக் கடற்கரை சுகாதாரக் கூட்டணியை அமைத்தன. நியூயார்க், நியூ ஜெர்சி உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களும் தனியாக ஒரு கூட்டமைப்பை அறிவித்தன. அதே செப்டம்பரில் ஃபுளோரிடா நேர் எதிர்த் திசையில் போனது. தடுப்பூசிக் கட்டாயம் எல்லாவற்றையும் விலக்கப் போவதாக அறிவித்தது. ஆக, ஒரே நாடு, மூன்று விதமான பேச்சு.

ஹெபடைடிஸ் பி: இரு தரப்பும் சொல்வது என்ன?

மாற்றத்தை ஆதரிப்பவர்களின் வாதம் இது: அமெரிக்காவில் இந்த நோய் குறைவு. தாய்க்குப் பரிசோதனை செய்தாலே ஆபத்து தெரிந்துவிடும். டென்மார்க் போன்ற நாடுகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்தவுடன் போடுவதில்லை.

எதிர்த் தரப்பு சொல்வது: எல்லாத் தாய்மாருக்கும் பரிசோதனை நடந்துவிடுவதில்லை. முடிவு தவறாகவும் வரலாம், பரிசோதனைக்குப் பிறகும் தொற்று வரலாம். வீட்டில் வேறு யாரிடமிருந்தும் குழந்தைக்குப் பரவலாம். உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் இந்த வைரஸ் உயிர்ப்போடு இருக்கும். கைக்குழந்தையாக இருக்கும்போது தொற்றினால் சுமார் 90 சதவீதம் பேருக்கு அது நாள்பட்ட நோயாகிவிடும். கல்லீரல் சுருக்கம், கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். ஆபத்து உள்ளவர்களை மட்டும் தேடிப் போடும் முறை பலரைத் தவறவிட்டதால்தான், 1991-ல் எல்லாக் குழந்தைகளுக்கும் என்று அமெரிக்கா மாறியது. டென்மார்க்கில் அனைவருக்கும் அரசு மருத்துவம் உண்டு. அமெரிக்காவில் அப்படி இல்லை.

சரி, நம்பலாமா என்று எப்படிப் பார்ப்பது?

1. முதலில், எதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள் என்று பாருங்கள். தட்டம்மை, போலியோ, கக்குவான் இருமல், டெட்டனஸ் போன்றவற்றுக்கான ஊசிகள் ஜனவரியில் வந்த மத்திய அரசின் பட்டியலிலும் அப்படியே உள்ளன. 'எல்லாமே குழப்பம், எதுவுமே வேண்டாம்' என்று விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. 2025-ல் டெக்சாஸில் பரவிய தட்டம்மையில் 762 பேர் பாதிக்கப்பட்டனர், 2 குழந்தைகள் இறந்தனர். இறந்த இருவருமே தடுப்பூசி போடாதவர்கள்.

2. வார்த்தையைக் கவனியுங்கள். 'பரிந்துரை' வேறு, 'கட்டாயம்' வேறு. 'டாக்டரிடம் பேசி முடிவு' என்றால் 'போட வேண்டாம்' என்று அர்த்தம் இல்லை. தாய்க்கு ஹெபடைடிஸ் பி இருந்தாலோ, பரிசோதனை முடிவு தெரியாவிட்டாலோ, பிறந்தவுடன் ஊசி வேண்டும் என்பதில் புதிய குழுவும் மாறவில்லை.

3. காரணத்தைக் கேளுங்கள். போட்டால் என்ன ஆபத்து, போடாவிட்டால் என்ன ஆபத்து, இரண்டையும் ஆதாரத்தோடு சொல்கிறார்களா? புதிய ஆய்வு வந்ததால் மாற்றினார்களா, அல்லது ஆட்கள் மாறியதால் மாற்றினார்களா? சொல்பவர் எந்த அரசு என்பதைவிட இந்தக் கேள்விதான் முக்கியம். மாநில அரசுகளுக்கும் இது பொருந்தும். மாநிலங்களிலும் அரசியல் உண்டு.

4. ஒருவரோடு ஒருவர் சம்பந்தமில்லாத அமைப்புகள் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றனவா? அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர்கள் அமைப்பான ஏ.ஏ.பி, மத்திய அரசின் பட்டியலிலிருந்து விலகி தன் சொந்தப் பட்டியலை வெளியிடுகிறது. பிறந்தவுடன் ஹெபடைடிஸ் பி ஊசி என்பதில் அது உறுதியாக உள்ளது. உலக சுகாதார நிறுவனமும் அதையே சொல்கிறது. இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்திலும் 24 மணி நேரத்துக்குள் என்றுதான் இருக்கிறது. ஆக, அந்தப் பாட்டி கேட்டது சரியான கேள்விதான்.

5. தேதியைப் பாருங்கள். போன வருடத்துத் தகவல் இன்று மாறியிருக்கலாம். வழக்குகளும் நடக்கின்றன. வாட்ஸ்அப்பில் வரும் ஸ்கிரீன்ஷாட்டில் தேதி இருக்காது. நேராக அந்த அமைப்பின் பக்கத்துக்கே போய்ப் பார்ப்பது நல்லது.

காசு யார் கொடுப்பது?

பெற்றோரின் அடுத்த கவலை இதுதான். ஏ.சி.ஐ.பி பரிந்துரைக்கும் ஊசிகளைக் காப்பீடு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். அதனால்தான் பட்டியல் மாறினாலே பயம் வருகிறது. இதுவரை இருந்த ஊசிகளுக்குக் காப்பீடு தொடரும் என்று மத்திய அரசு ஜனவரியில் கூறியது. காப்பீட்டு நிறுவனங்களின் சங்கமும், 2025 செப்டம்பர் 1 வரை பட்டியலில் இருந்த ஊசிகளுக்கு 2026 முடியும் வரை பணம் தருவதாக அறிவித்துள்ளது. ஆனாலும் ஊசிக்கு முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது பாதுகாப்பு.

கடைசியில் யாரிடம் கேட்பது?

குழந்தையின் சொந்த டாக்டரிடம். தாயின் பரிசோதனை ரிப்போர்ட், குழந்தையின் எடை, வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பது எந்த அரசின் பக்கத்திலும் இருக்காது. பிரசவத் தேதிக்கு முன்பே டாக்டரிடம் கேட்க மூன்று கேள்விகள்: என் ரிப்போர்ட்டில் ஹெபடைடிஸ் பி முடிவு என்ன? நீங்கள் எந்தப் பட்டியலைப் பின்பற்றுகிறீர்கள், ஏன்? இந்த ஊசியைத் தள்ளிப்போட்டால் என் குழந்தைக்கு என்ன ஆகும்?

பதிலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால், பிரசவ வார்டில் நர்ஸ் வந்து கேட்கும்போது செல்போனைத் தேட வேண்டியிருக்காது.